ரோஜாப் படத்துக்கு அடியில்

சுப்பு கிராபிக்ஸில் யாரும் வெறும் பக்கத்தில் வேலை ஆரம்பித்ததாகச் சரித்திரமே கிடையாது. கல்யாணப் பத்திரிகை கேட்டு ஆள் வந்தால், போன முகூர்த்தத்துக்கு அடித்த யாருடைய பத்திரிகையையோ கம்ப்யூட்டரில் திறப்பார்கள். பழைய பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் புதுப் பெண்ணின் பெயர் ஏறும். பழைய பிள்ளையார் மேல் புதுப் பிள்ளையார் உட்காருவார். அவருக்கு மேல் ஒரு பூங்கொடி, கொடிக்கு மேல் ஒரு தங்கக் கோடு. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவதுதான் அங்கே தொழில். அடியில் என்ன கிடக்கிறது என்று தோண்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

"மூடிட்டாப் போறும்மா. அச்சுல வராதது நம்ம கண்ணுல மட்டும் எதுக்குப் படணும்?" என்பார் முதலாளி சுப்புராமன்.

ஸ்ரீரங்கம் தெற்கு உத்தர வீதியில் ஒரு காப்பித்தூள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கடை. கீழே கொட்டை வறுக்கிற வாசனை நாள் முழுக்கப் படியேறி வரும். சுபஸ்ரீ கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே வேலை செய்கிறாள். கல்யாணமாகிக் காட்டூருக்குப் போன பிறகும் விடவில்லை. காட்டூரில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, மறுபடி பஸ் ஏறி, காவிரிப் பாலத்து நெரிசலில் நின்று நின்று வந்து சேருவாள். சித்திரை மாதம் அந்தப் பாலத்தில் பஸ் நின்றால் உள்ளே இருப்பவர்கள் வெந்து போவார்கள். ஆற்றில் பார்க்கத் தண்ணீரும் இருக்காது, மணல்தான்.

மாமனார் பிச்சமுத்து இறந்தபோது கருமாதிப் பத்திரிகை அடித்தவளும் அவள்தான். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். கேமராவைக் கண்டாலே நகர்ந்து போய்விடுகிற மனுஷன். வீடு முழுக்கத் தேடியும் ஒரு நல்ல போட்டோ கிடைக்கவில்லை. கடைசியில் பட்டறை அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஒரு வெள்ளைச் சட்டைக்கு மேல் பொருத்தினாள். அந்தச் சட்டை கடைச் சொத்து. திருவானைக்கோவிலிலிருந்து திருவெறும்பூர் வரைக்கும் செத்துப்போன ஆண்கள் பாதிப்பேர் அதே சட்டையில்தான் சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் பாப்பாயி அந்தப் படத்தை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்து விறைப்பாக இருக்கிறது என்றாள். காது சரியாகத் தெரியவில்லை என்றாள். அவர் இவ்வளவு சிவப்பில்லை என்றாள். திருத்தித் திருத்தி ஒருவழியாக, "ம், இதுதான் அவரு" என்று அவள் சொன்னதும், இனி ஒரு மயிரிழை நகரக்கூடாது என்று சுபஸ்ரீ மாலையோடு படத்தையும், சுற்றியிருந்த கறுப்புக் கட்டத்தையும், மேலே கருமாதி என்றிருந்த கறுப்புத் தலைப்பையும் கம்ப்யூட்டரில் பூட்டு போட்டு வைத்துவிட்டாள். அப்படிப் பூட்டினால் யார் கை பட்டாலும் அசையாது.

அந்தப் பூட்டுதான் வினை.

மாமனாருக்குத் தலைத் திதி முடிந்த கையோடு நாத்தனார் அறிவுமதிக்கு மணப்பாறையில் மாப்பிள்ளை அமைந்தது. மதிக்கு ஏற்கனவே ஓரிடம் பூ வைத்த பிறகு தட்டிப்போயிருந்தது. அதனால் இந்தச் சம்பந்தத்தை வீட்டில் எல்லோரும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கணேஷ்குமார் நல்ல பையன். அவனுடைய அப்பா செந்தமிழன் மணப்பாறையில் முறுக்கு போட்டு ஊர் ஊராக அனுப்புகிறவர். வைகாசியில் கல்யாணம்.

பத்திரிகை அடிக்க உட்கார்ந்தபோது சுபஸ்ரீ செய்தது அந்தக் கடையில் யாரும் செய்கிற காரியம்தான். உறவுக்காரர்கள் பெயரையெல்லாம் மறுபடி தட்டச்சு செய்வதைவிடப் பெரிய தலைவலி, யார் பெயர் யாருக்கு மேல் என்பது. அந்தச் சண்டையெல்லாம் மாமனார் கருமாதியின்போதே போட்டு முடித்து, பெரியப்பா வீட்டிலும் சின்னத்தா வீட்டிலும் ஒத்துக்கொண்ட வரிசை அந்தப் பழைய பத்திரிகையில் அப்படியே இருந்தது. அதைத் திறந்து வேறு பெயரில் சேமித்தாள். பெரிய ரோஜாப் படம் ஒன்றைப் பக்கம் முழுக்க விரித்தாள். உறவினர் பெயர்களை மட்டும் ரோஜாவுக்கு மேலே கொண்டுவந்தாள். அடியில் கிடந்த மற்றதையெல்லாம் மொத்தமாகப் பிடித்து அழித்தாள். பூட்டு போட்ட பொருள் அப்படி மொத்தமாகப் பிடிக்கும்போது கையில் சிக்காது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அச்சான பத்திரிகை அற்புதமாக வந்தது. "ரோஜாவைத் தொட்டா ஈரமா இருக்கும் போல இருக்கே அண்ணி" என்றாள் மதி. தூரத்துச் சொந்தங்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பப் பிடிஎஃப் ஒன்றும் போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் போனது.

அன்றைக்கு மத்தியானமே மணப்பாறையிலிருந்து போன் வந்தது. வீட்டில் மீன் குழம்பு. புருஷன் அன்புச்செல்வன் பிசைந்த கையோடு இடது கையில் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, செந்தமிழன் பேசுறேன். சாப்டாச்சா?"

"சாப்ட்டுட்டு இருக்கோம் மாமா. சொல்லுங்க."

"சாப்ட்டுட்டே வாங்களேன். அப்புறம் பேசுவோம்."

"பரவால்ல மாமா, சொல்லுங்க."

"நீங்க அனுப்புன பத்திரிகையில உங்கப்பா படம் வருது தம்பி. மாலை போட்டு, கறுப்பு கட்டம் கட்டி, கருமாதின்னு மேல எழுதி."

அன்புச்செல்வன் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. "என்னது? நம்ம பத்திரிகையிலயா? அதுல ரோஜாதானே மாமா இருக்கு?"

"அப்புறமா ரோஜா வருது. மொதல்ல அவருதான் வராரு. எங்கக்கா பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டா. தம்பி, கருமாதிப் பத்திரிகை வந்தா நாங்க வாசல்லயே படிச்சுட்டு, ஓரத்தைக் கிழிச்சு வெளிய போட்டுட்டுத்தான் உள்ள வருவோம். நீங்களும் அப்படித்தானே? இப்ப நீங்க கல்யாணப் பத்திரிகைக்குள்ள வெச்சு நடு வீட்டுக்கே அனுப்பியிருக்கீங்க. போனை எப்படித் தம்பி கிழிக்கிறது?"

"மாமா, நீங்க வேற எதையாச்சும் பாத்து..."

"எங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அக்கா இந்தக் கல்யாணமே வேணாங்கிறா. நான் என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் உங்களைக் கூப்ட்டேன்."

போன் வைத்ததும், அலமாரியில் சார்ஜில் கிடந்த பாப்பாயியின் பழைய போனைத் தவிர, வீட்டில் இருந்த அத்தனை போன்களும் வெளியே வந்தன. அன்புச்செல்வன் போனில் ரோஜா. மதி போனில் ரோஜா. சுபஸ்ரீ போனில் ரோஜா. பத்துத் தடவை மூடித் திறந்தாலும் ரோஜாதான்.

"வேணும்னே பண்றாங்க" என்றான் அன்புச்செல்வன். "வேற எடத்துல பொண்ணு கெடச்சிருக்கும். நேரா சொல்ல வாய் வரல, செத்தவரை இழுக்கிறாங்க."

"அவரு அப்படியாப்பட்ட ஆளு இல்லடா" என்றாள் பாப்பாயி.

"அப்ப படம் எங்கம்மா? காட்டச் சொல்லு!"

மதி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. வேறு யாருக்கும் தோன்றாத ஒன்று சுபஸ்ரீக்குத் தோன்றிவிட்டிருந்தது. கறுப்புக் கட்டம், மாலை, மேலே கருமாதி. அது அவள் அடுக்கிய வரிசைதான். மணப்பாறையில் உட்கார்ந்துகொண்டு யாரும் அதைக் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது.

மறுநாள் கடைக்குப் போனதும் பையைக்கூட மாட்டாமல் பிடிஎஃபைத் திறந்தாள். ரோஜா. பெரிதாக்கிப் பார்த்தாள். ரோஜா. சித்திரைத் தேருக்கு வந்த கிராமத்து ஜனம் வீதி முழுக்க நிறைந்து நின்று, மொட்டைத் தலையும் சந்தனமுமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. சுபஸ்ரீக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கீழே போட்டுவிடலாம் போல இருந்தது.

"என்னம்மா, வந்ததுலேர்ந்து ஒரே ரோஜாவைப் பாத்துண்டிருக்கே?" என்றார் சுப்புராமன்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இந்த மிஷின் வேகமா இருக்கும்மா. எல்லாத்தையும் ஒண்ணாக் காட்டிடும். மெதுவான போன்ல பாரு. கீழ இருக்கிறதுலேர்ந்து ஒண்ணொண்ணா வரையும். நீ போட்டிருக்கிற ரோஜா என்ன கனம் தெரியுமோ? அது திறக்கிறதுக்குள்ள அடியில இருக்கிறது அத்தனையும் வந்து நின்னுட்டுப் போயிடும்."

"நீங்கதானே சார் மூடிட்டாப் போறும்னு சொல்வீங்க?"

"அச்சுக்குச் சொன்னேன்மா. போனுக்கா சொன்னேன்?" என்று அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். சுபஸ்ரீ பிடிஎஃபைப் பட்டென்று மூடினாள்.

வீட்டில் மெதுவான போன் ஒன்றே ஒன்றுதான். பழசாகிப்போனதென்று அன்புச்செல்வன் தள்ளிவிட்டது, மூலையில் விரிசலோடு இப்போது பாப்பாயி வைத்திருப்பது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கேட்டு வாங்கி, எல்லோரையும் வைத்துக்கொண்டே பத்திரிகையை அமுக்கினாள்.

திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. பிறகு கறுப்புக் கட்டம் வந்தது. கட்டத்துக்குள் வெள்ளைச் சட்டையும் மாலையுமாகப் பிச்சமுத்து வந்து நின்றார். தலைக்கு மேல் கறுப்பு எழுத்து. ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் இருந்திருப்பார். அப்புறம் மேலேயிருந்து ரோஜா சரிந்து இறங்கி அவரை மூடியது. மதியின் பெயரும் கணேஷ்குமார் பெயரும் தங்க நிறத்தில் வந்து உட்கார்ந்தன.

மதிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணி..." என்றாள்.

"எந்தக் கடங்காரியும் செய்யாத வேலையைச் செஞ்சிருக்கியே!" என்று பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "கருமாதிக்கு அடிச்ச பத்திரிகை மேலயா எம்பொண்ணு கல்யாணத்தை எழுதின? வேற காயிதமே கிடைக்கலையா உனக்கு?"

"காயிதம் இல்ல அத்தை, ஃபைலு. அது வேற, இது வேற. அடியில ஒரு லேயர் இருந்துபோச்சு. பூட்டியிருந்ததால..."

"என்ன லேயரோ! பொணத்து மேல பூவைப் போட்டுக் கல்யாணம்னு அனுப்பியிருக்க. இதை எந்த ஊர்ல ஒத்துப்பாங்க?"

"சுபா, நீ கொஞ்சம் பேசாம இரு" என்றான் அன்புச்செல்வன்.

அதுதான் அவளுக்கு ஆறவில்லை. பேசவேண்டிய ஒரே ஆள் அவள். என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆளும் அவள். அவளைத்தான் எல்லோரும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். கழுத்து விறைப்பு என்று நூறு தடவை திருத்தச் சொன்னது யார்? அந்தத் திருத்தலுக்குப் பயந்துதானே பூட்டினாள்? உறவுக்காரர்கள் வரிசைச் சண்டைக்குப் பயந்துதானே பழைய பத்திரிகையைத் திறந்தாள்? இதையெல்லாம் சொன்னால் வாய் நீளம் என்பார்கள். அரிசி களைந்து அடுப்பில் போட்டுவிட்டு, வேகும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் முழுக்கப் பாப்பாயி மருமகளிடம் நேராகப் பேசவில்லை. உப்பு கம்மி என்பதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். துவைத்த துணி சரியாகக் காயவில்லை என்பதை மகனிடம் சொன்னாள். எந்நேரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையில் முழுக்க சார்ஜ் ஏற்றிய போன் மத்தியானத்துக்குள் செத்துப்போனது. ஊர்ச் சனத்துக்கெல்லாம் போன் போட்டு என் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள் சுபஸ்ரீ. நினைக்க நினைக்கத் தோசைக்கல்லில் கரண்டி ஓங்கி விழுந்தது.

அன்புச்செல்வன் மணப்பாறைக்குப் போய்க் காலில் விழாத குறையாகப் பேசிவிட்டு வந்தான். செந்தமிழன் ஒரு வழி சொல்லியிருந்தார். பத்திரிகையைப் புதிதாக அடிக்க வேண்டும். பழைய ஃபைலில் ஒரு எழுத்தைக்கூட எடுக்கக்கூடாது. அந்தப் பழையதை அவர் கண்ணெதிரில் அழிக்க வேண்டும். அப்படிச் செய்தால் அக்காவைத் தான் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார். வெயிலில் படியேறி மூச்சு வாங்க வந்து, கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"வாங்கப்பா, உக்காருங்க" என்று சுபஸ்ரீ நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்கதானாம்மா அடிச்சது?"

"ஆமாங்கப்பா. தெரியாம நடந்துபோச்சு."

"உங்களை நான் குத்தம் சொல்ல வரல. எம்பேரு செந்தமிழன். எங்கப்பா சாமியே இல்லன்னு சொல்லித்தான் இந்தப் பேரை வெச்சாரு. நானும் சகுனம் பாக்கிற ஆளு இல்ல. ஆனா முறுக்குப் போடறோம் பாருங்க, நூறு பேரு நல்லா இருக்குன்னு சொல்லுவான். ஒருத்தன் முடி கெடந்துச்சுன்னு சொன்னா அன்னிக்கிப் போட்டது மொத்தமும் போச்சு. இதுவும் அப்படித்தாம்மா. நாளைக்கி அந்தப் பொண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எங்கக்கா இதைத்தான் சொல்லிக்காட்டுவா. அந்தப் பொண்ணு காதுல அது விழக்கூடாது."

அதைக் கேட்டதும் சுபஸ்ரீக்குக் கண் கலங்கியது. இத்தனை நாளில் மதியைப் பற்றி யோசித்துப் பேசிய முதல் ஆள் இவர்தான் என்று தோன்றியது. மாமனார் கருமாதி என்று இருந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். படம், வெட்டியெடுத்த முகம், பத்திரிகை எல்லாம் உள்ளே இருந்தன. மொத்தமாக அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணச் சொன்னார், பண்ணினாள். "இனி வராதே?" என்று கேட்டார். "வராதுங்கப்பா" என்றாள்.

"நல்ல மனுஷனாம், கேள்விப்பட்டேன்" என்று செந்தமிழன் காலியான திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பெயர்களை மறுபடி தட்டச்சு செய்ததும் பெரியப்பா வீட்டிலிருந்து போன் வந்தது. புதுசாக அடிப்பதாக இருந்தால் தன் மூத்த மாப்பிள்ளை பெயர் கொஞ்சம் மேலே வரட்டும் என்றார். அது தெரிந்து சின்னத்தா போன் பண்ணினாள். அன்புச்செல்வன் இரண்டு பேரிடமும் சரி சரி என்று சொல்லிவிட்டு, "நீயே பாத்து ஏதாவது பண்ணு" என்று பெண்டாட்டி தலையில் போட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாப் பெயரையும் ஒரே வரியில் பொடி எழுத்தில் ஓடவிட்டாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒரே படமாக உருக்கி அனுப்பினாள். அடியும் இல்லை, மேலும் இல்லை. எந்தப் போனில் திறந்தாலும் ஒரே ரோஜா.

பழைய அச்சுப் பத்திரிகைக் கட்டைக் கடையிலேயே விட்டுவிட்டார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று சுப்புராமன் அதில் புரூஃப் எடுக்க ஆரம்பித்தார். அன்புச்செல்வன் எல்லோர் போனிலிருந்தும் பழைய பிடிஎஃபைத் தேடித் தேடி அழித்தான். அம்மா போனை அவனே வாங்கி அழித்துக் கொடுத்தான். மணப்பாறையில் சமாதானம் ஆகிவிட்டது. மதி சிரிக்க ஆரம்பித்தாள்.

பாப்பாயி மட்டும் இன்னும் இறுக்கமாகிப் போனாள். இப்போது சுவரைப் பார்த்துக்கூடப் பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து பாதியில் எழுந்து போனாள். இன்னும் என்னதான் வேண்டுமாம் என்று சுபஸ்ரீக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. ஒருநாள் காலையில் சாம்பாரை மோந்து பார்த்துவிட்டு மாமியார் தட்டைத் தள்ளி வைத்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. கட்டிவைத்த சாப்பாட்டை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

மத்தியானம் கடைப்படியில் யாரோ நின்று நின்று ஏறிவருகிற சத்தம் கேட்டது. பார்த்தால் பாப்பாயி. முகமெல்லாம் வேர்வை, புடவை பஸ்ஸில் கசங்கி, கையில் அந்தச் சாப்பாட்டு டப்பா. காட்டூரிலிருந்து தனியாகச் சத்திரம் வரைக்கும்கூடப் போகாத மனுஷி.

"வாங்கோம்மா, ஃபேனுக்கடியில உக்காருங்கோ" என்று சுப்புராமன் எழுந்து இடம் கொடுத்தார்.

"எப்படி அத்தை வந்தீங்க? மதிக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல. சோத்தை விட்டுட்டு வந்துட்ட." டப்பாவை மேஜையில் வைத்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். காலியான டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்புராமன் காப்பிக்குச் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எம்போன்ல இருந்த பத்திரிகையை அன்பு அழிச்சுட்டான்."

"ஆமா. அதான் புதுசு அனுப்பியிருக்கேனே அத்தை."

"புதுசுல அவரு வரல."

சுபஸ்ரீக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சூடேறியது. "யாரு எடுக்கச் சொன்னது அத்தை? தலையில அடிச்சுக்கிட்டது யாரு? கடங்காரின்னு சொன்னது யாரு? ஒரு வாரமா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல நீங்க. அந்தப் பெரியவரு முன்னாடி கைகட்டி நின்னு எல்லாத்தையும் அழிச்சேன். ஒரு துண்டு மிச்சமில்ல. இப்ப வந்து வரலைங்கிறீங்களே, நான் எங்கபோய் முட்டிக்கிறது?"

பாப்பாயி கோபித்துக்கொள்ளவில்லை. "சொன்னேன்தான். பொண்ணு கல்யாணம் நிக்குதே, சொல்லாம எப்படி?" என்றாள். "ஆனா அன்னிலேர்ந்து தெனம் பின்னால போய் உக்காந்து அதையேதான் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டிருந்தேன். சார்ஜ் தீந்துபோற வரைக்கும். சுவத்துல மாட்டியிருக்கிறவரு அங்கயே இருக்காரு, அவரு பாட்டுக்கு. இதுல அப்படி இல்ல சுபா. இல்லாத எடத்துல வந்து நின்னு, எம்மூஞ்சியப் பாத்துட்டு, பூவுக்குள்ள போயிடறாரு. பட்டறைக்கிப் போறப்ப வாசல்ல நின்னு திரும்பிப் பாத்துட்டுப் போவாரே, அந்த மாதிரி. நாளைக்கி மேடையில நான் முன்னால நிக்க முடியாது. அவரும் இல்ல. அதுலயாச்சும் பொண்ணு பேருக்கு முன்ன வந்து நின்னாரே."

சுபஸ்ரீக்கு மேற்கொண்டு கத்த முடியவில்லை. ஆத்திரம் அடங்கிவிடவும் இல்லை. போன் ஏன் மத்தியானத்துக்குள் செத்துப்போனது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"படமே இல்லையே அத்தை. அந்த வெட்டின மூஞ்சியும் போச்சு."

பாப்பாயி பர்ஸைத் திறந்து பட்டறை அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். பஸ்ஸில் வரும்போதே இதையெல்லாம் யோசித்துத்தான் வந்திருக்கிறாள்.

"அந்த வெள்ளைச் சட்டை வேணாம்" என்றாள். "இதுல போட்டிருக்காரே நீலச் சட்டை, அதுவே இருக்கட்டும். கறுப்பு கட்டமும் வேணாம், எழுத்தும் வேணாம்."

"கழுத்து விறைப்பா இருக்குன்னு சொல்லக்கூடாது."

"சொல்லல."

"காது?"

"சொல்லலடி, நீ பண்ணு."

"மணப்பாறைக்கி மட்டும் இது போச்சுன்னா நான் தொலைஞ்சேன்."

"எனக்கு அனுப்பத் தெரிஞ்சா நான் ஏன் பஸ் ஏறி வரேன்?"

சுபஸ்ரீ அட்டையை ஸ்கேன் பண்ணினாள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் மாமாவை வைத்தாள். வெட்டவில்லை, சேர்க்கவில்லை. நீலச் சட்டையும், சீவாத தலையும், கேமராவை நம்பாத கண்ணுமாக அவர் அப்படியே இருந்தார். பூட்டு போட்டாள். அவருக்கு மேல் பழைய ரோஜாப் படத்தை விரித்தாள். அதற்கு மேல் மதியின் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வைத்தாள். பிடிஎஃப் ஆக்கி அத்தையின் போனுக்கு அனுப்பினாள்.

பாப்பாயி விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அமுக்கினாள். திரை வெள்ளையாக இருந்தது. அவர் வந்தார். ரோஜா இறங்கியது.

"வந்துட்டாரு" என்றாள். மறுபடி மூடித் திறந்தாள். மறுபடி வந்தார், மறுபடி ரோஜா இறங்கியது. மூன்றாவது தடவை பார்த்துவிட்டு மருமகளிடம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வைக்க முடியாதா?"

"அது என் கையில இல்ல அத்தை. அந்த ரோஜா தொறக்கிற வரைக்கும்தான் மாமா தெரிவாரு. பூ எவ்வளவு கனமோ அவ்வளவு நேரம்."

"அப்பப் பூவைக் கூட்டு."

கீழேயிருந்து காப்பி டம்ளர்களோடு ஏறிவந்த சுப்புராமன் திரையை எட்டிப் பார்த்தார். ரோஜாவுக்கு மேல் இன்னொரு ரோஜா ஏறிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய ஒன்று பக்கத்தில் தயாராக இருந்தது. ஃபைல் கனத்துக்காக இத்தனை வருஷமும் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தவர் அவர்.

"என்னம்மா இது? கனமாயிடும்மா, திறக்கவே திறக்காது!"

"கனமாகட்டும் சார்" என்று சுபஸ்ரீ அடுத்த ரோஜாவை எடுத்து மேலே வைத்தாள்.